சிவந்தால் உடனே வரவும்

பொன்னுரங்கத்தைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை. காட்டுமன்னார்கோயில் பக்கம் ஓர் அரிசி ஆலையில் முப்பது வருடம் மூட்டை தூக்கிய மனிதர். அவருக்குப் பேனர் வைப்பாரும் இல்லை, பொன்னாடை போர்த்துவாரும் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு எழுத்தெல்லாம் அவ்வளவாக வராது, வாய்தான் ஜாஸ்தி. அந்த வாயால் அவருக்கு ஒரு பெரிய கெடுதல் செய்தேன். அதை விட்டுவிட்டு அவர் கதையைச் சொன்னால் அது பொய்க்கதை.

என் பெயர் ஜான்சி. சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். பத்தொன்பது வருடம் ஆகிறது. வீடு கடலூர் முதுநகர். காலையில் பாசஞ்சர் வண்டியில் வந்து சாயங்காலம் திரும்புவேன். வார்டில் என்னைக் கண்டால் நோயாளிகளைவிட அவர்கள் கூட இருப்பவர்கள்தான் பயப்படுவார்கள். பெட்ஷீட் கசங்கியிருந்தால் கத்துவேன், பழத்தோலைக் கட்டிலுக்கடியில் போட்டால் கத்துவேன். எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று பெருமை வேறு பேசுவேன். என் மனதில் இருக்காது, சரி. கேட்டவர் மனதில் இருக்குமே, அதை நான் யோசித்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு புரட்டாசியில், நடவுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போன ஒரு மினி லாரி வாய்க்கால் திருப்பத்தில் கவிழ்ந்தது. பொன்னுரங்கத்தின் மனைவி தைலம்மாள் அதில் இருந்தார். மற்றவர்கள் கை முறிவு, கால் முறிவோடு தப்பித்தார்கள். தைலம்மாளுக்கு முதுகுத்தண்டு போய்விட்டது. புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து, மீதி வைத்தியத்துக்கு எங்கள் வார்டுக்கு அனுப்பினார்கள். நெஞ்சுக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. இனி நடக்க முடியாது என்று பெரிய டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். உயிரோடு இருப்பாரா என்பதுதான் மீதிக் கேள்வி. அதற்குப் பதில் மருந்தில் இல்லை, உங்கள் இரண்டு கையில்தான் இருக்கிறது என்று பொன்னுரங்கத்திடம் சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்னதும் நான்தான்.

அவருக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம் பக்கம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, கரும்பு வெட்டி, செங்கல் சுமந்து, இருபத்து நாலு வயதில் ஆலைக்கு லோடுமேனாக வந்தார். அத்தை மகள் தைலம்மாளையே கட்டிக்கொண்டார். ஒரே பெண், சுவேதா. கடலூரில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை செய்கிறாள். பொன்னுரங்கம் நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று தைலம்மாள் சொல்வார். அவர் பேசாததையும் சேர்த்துத் தைலம்மாள் பேசுவார்.

தோல் சும்மா மேலே போர்த்திய துணி இல்லை என்று எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னேன். மேல்தோல் மெலிசு, அதில் ரத்தமே கிடையாது. அதற்கு அடியில் இருக்கும் தோலில்தான் ரத்தக்குழாய், நரம்பு, வியர்வைச் சுரப்பி, மயிர்க்கால் எல்லாம். அதற்கும் கீழே கொழுப்பு, அப்புறம் தசை, அப்புறம் எலும்பு. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் இவ்வளவும் நசுங்கும், ரத்தம் போகிற வழி அடைபடும். நமக்கென்றால் கடுக்கும், தூக்கத்திலேயே புரண்டு படுப்போம். பஸ்ஸில் உட்கார்ந்தபடி இப்படியும் அப்படியும் அசைவதும் அதனால்தான். தைலம்மாளின் தோலும் கூப்பாடு போடும், ஆனால் சேதி மூளைக்குப் போகாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாராவது புரட்டிவிட வேண்டும். விட்டால் சதை செத்துப் புண்ணாகும். புண்ணின் கிருமி ரத்தத்தில் ஏறினால் ஆளே போய்விடுவார்.

எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டார். "ரெண்டு மணிக்கு ஒருக்கா. அவ்ளோதான சிஸ்டர்? பண்ணிப்புடலாம்" என்றார்.

சொன்னதைவிட நன்றாகவே செய்தார். ஆளை இழுத்து நகர்த்தக் கூடாது, தூக்கித்தான் நகர்த்த வேண்டும் என்பதை நர்சிங் மாணவிகளுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றும். இவருக்கு ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. மூட்டையைத் தரையில் இழுத்தால் சாக்கு கிழியும் என்று முப்பது வருடமாகத் தெரிந்தவர். ஒரு கை தோளுக்கடியில், ஒரு கை தொடைக்கடியில், மூச்சை ஒரு பிடி பிடித்து அப்படியே தூக்கி அந்தப் பக்கம் திருப்பி வைப்பார். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் விழாது. மாணவிகளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். தைலம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா? "முப்பது வருசமா ஊரு மூட்டையெல்லாம் தூக்குனாரு. இப்பதான் கட்டுன பொண்டாட்டிய தூக்கணும்னு தோணியிருக்கு" என்றார்.

தை மாதம் வீட்டுக்கு அனுப்பினோம். போகும்போது எல்லோருக்கும் கொடுக்கும் தாளைக் கொடுத்தேன். நானே எழுதி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்த தாள். எப்படிப் புரட்டுவது, எப்படித் துடைப்பது, என்ன சாப்பாடு என்று எழுதி, கடைசி வரியை மட்டும் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன்: தோல் சிவந்தால் உடனே வரவும். பொன்னுரங்கம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அதனால் அந்த வரியை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

தைலம்மாள் சிரித்துவிட்டார். அவர் நல்ல கறுப்பு. எங்கள் பக்கத்தில் சிவப்பு என்றால் பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கிற நிறம்.

"பொறந்ததுலேர்ந்து செவக்காதவ, படுத்துக்கிட்டா செவக்கப் போறேன்? அப்பிடி செவந்துட்டா சொல்லுங்க மாமா, இன்னொருக்கா பொண்ணு பாக்க வரச் சொல்லலாம்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். பொன்னுரங்கமே சிரித்தார். நானும் சிரித்தேன். நானும் கறுப்புதான். அதுவரை பதினேழு வருட வேலையில் ஒரு நாள் கூட என் கையை நானே அழுத்திப் பார்த்து, இது சிவக்குமா என்று கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் பாடப் புத்தகத்தில் இருந்த படங்களெல்லாம் வெள்ளைக்காரத் தோல். அதில் ரோஜாப்பூ நிறத்தில் ஒரு வட்டம் இருக்கும், கீழே படுக்கைப் புண், முதல் நிலை என்று போட்டிருக்கும். அதைப் படித்துப் பாஸ் செய்து, அதையே தமிழில் எழுதி, கடலூர் மாவட்டத்துச் சனங்களுக்கு ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நடந்ததெல்லாம் பின்னால் அவர்கள் சொல்லித் தெரிந்தது. பொன்னுரங்கம் ஆலை வேலையை விட்டுவிட்டார், சுவேதா அனுப்பியதில் வீடு ஓடியது. அவர் வீட்டு வழியாகச் சிதம்பரம் டவுன் பஸ் மணிக்கு ஒன்று போகும். ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸின் ஹாரன் கேட்டால் தைலம்மாளைப் புரட்டுவார். பஸ் இல்லாத நேரத்துக்குச் செல்போனில் அலாரம். காலையும் மாலையும் வாசல் வெளிச்சத்தில் முதுகு, இடுப்பு, குதிகால், முழங்கை எல்லாவற்றையும் பார்ப்பார், சிவப்பைத் தேடி. ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் வரும். "செவக்கல சிஸ்டர்" என்பார், வைத்துவிடுவார். பத்து மாதம் ஒரு புண் இல்லை. நன்றாகப் படித்தவர்கள் வீட்டிலிருந்தே மூன்றாம் மாதம் ஓட்டையோடு வருவார்கள். பொன்னுரங்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று வார்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் கரண்ட் இல்லை. புண் வராமலிருக்கப் போட்டிருந்த, கரண்டில் ஓடும் காற்றடைத்த படுக்கை தளர்ந்துபோயிற்று. தைலம்மாளுக்குச் சளி கட்டி, படுத்தால் மூச்சு முட்டியது. என்ன செய்வார் மனிதர்? தலையணைகளை அடுக்கி, சாய்த்து உட்கார வைத்தார். சாய்ந்த உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரியும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், எலும்பு மட்டும் நகரும், நடுவில் இருக்கும் ரத்தக்குழாய்கள் முறுக்கிக்கொள்ளும். படுப்பதைவிட இது மோசம். இதை என் தாளில் நான் எழுதவில்லை. அந்த மூன்று நாளில் பாதி நேரம் தைலம்மாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

சளி இறங்கியது. ஒரு வாரம் கழித்து வால் எலும்புக்கு மேலே, ஒரு தோசைக் கரண்டி அகலத்துக்கு, தோல் இன்னும் கறுத்திருப்பதைப் பொன்னுரங்கம் பார்த்தார். விரலால் அழுத்தினார். கெட்டியாக இருந்தது. சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தார். சிவப்பு துளியும் இல்லை. அப்போது அவர் தன் பிடரியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். முப்பது வருட மூட்டை ஏறிய இடம், கறுத்து, தடித்து, கட்டை மாதிரி இருக்கும். முதல் இரண்டு மாதம் தோல் உரிந்து ரத்தம் வந்ததாம், அப்புறம் காய்ப்பு விழுந்ததாம். காய்ப்பு விழுந்த பிறகு எவ்வளவு பெரிய மூட்டையும் அந்த இடத்தை ஒன்றும் செய்ததில்லை.

"தைலா, ஒந்தோலு காய்ச்சிருச்சுடி. படுக்கைக்குப் பழகிடுச்சு. இனிமே புண்ணு வராது" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாராம். காய்ப்பு நன்றாகப் பிடிக்கட்டும் என்று காலையும் மாலையும் தேங்காய் எண்ணெய் தடவி, அதே இடத்தை அழுத்தி உருவிவிட்டாராம்.

லோடுமேன் அல்லாத வேறு யாராவது அதைப் பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள். அவர் பிடரியில் மூட்டை ஏறும், இறங்கும். இறங்கி மறுபடி ஏறுகிற இடைவெளியில் ரத்தம் பாயும், தோல் தன்னைத் தானே தடிப்பாக்கிக்கொள்ளும். இறங்காத சுமைக்கு அந்தத் தோலே செத்துப்போகும். இதை யார் அவருக்குச் சொன்னது? நான் சொல்லவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சலோடு கூட்டி வந்தார்கள். ஆம்புலன்சிலிருந்து இறக்கும்போதே எனக்கு வாடை தெரிந்துவிட்டது. புரட்டிப் பார்த்தேன். மேலே கறுப்பாகக் காய்ந்த ஒரு மூடி. டாக்டர் சத்யப்பிரியா அதன் ஓரத்தை லேசாக எடுத்ததும் உள்ளே என் கை முட்டி போகிற அளவுக்குக் குழி. எலும்பு தெரிந்தது. வண்டு விழுந்த மாம்பழம் இப்படித்தான், வெளியே ஒரு புள்ளி இருக்கும், கொட்டையைச் சுற்றி ஒன்றும் இருக்காது.

இது எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். பொன்னுரங்கம் ஒரு கையால் தைலம்மாளின் தோளைப் பிடித்தபடி, அது புண் இல்லை, காய்ப்புதான் என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். பத்து மாதம் நான் அடித்த பெருமையெல்லாம் அந்தக் குழிக்குள் போய்விட்டது என்பதுதான் உண்மை. வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"காய்ப்பா? ஒங்க கையாலயே அழுக வெச்சுட்டு வந்து காய்ப்புங்கறீங்களே. என்னா மனுசன்யா நீங்க?"

அவர் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். சூடு பட்டவர் மாதிரி எடுக்கவில்லை, மெதுவாகத்தான் எடுத்தார். இரண்டு கையையும் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்தக் கை வெளியே வரவேயில்லை. புரட்ட வேண்டுமென்றால் வார்டு பாய் தில்லைநாதனைப் போய்க் கூப்பிட்டு வருவார். தண்ணீர் கொடுக்க வேண்டுமென்றால் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். தைலம்மாள் தலையில் ஒரு ஈ உட்கார்ந்தாலும் துண்டை வீசி விரட்டுவார், கையால் விரட்ட மாட்டார். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. டாக்டர் சத்யப்பிரியா சின்னப் பெண், என்னைக் கடிந்து பேச மாட்டார். சும்மா சொல்வது போலச் சொன்னார், நம் தோலில் சிவப்பு தெரியாது சிஸ்டர், சுற்றியிருக்கும் தோலைவிடக் கறுக்கும், சூடாக இருக்கும், கல் மாதிரி கெட்டிப்படும், இல்லாவிட்டால் கொழகொழவென்று ஆகும், தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று. கெட்டிப்படும் என்ற சொல்லை இதற்கு முன்பே யாரோ என்னிடம் சொல்லியிருக்கிறார்களே என்று யோசித்தேன். கடலூரில் மாதா கோயில் படி ஏறிக்கொண்டிருந்தபோது வந்த ஞாயிற்றுக்கிழமைப் போன் ஞாபகம் வந்தது. சிவக்கவில்லை சிஸ்டர், தோல் நன்றாகக் கெட்டிப்பட்டுவிட்டது என்று அவர் சொன்னார். வழக்கத்தைவிட ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னார் அந்த மனிதர். பூசைக்கு மணி அடித்துவிட்டார்களே என்ற அவசரத்தில், நல்லது நல்லது, அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் வைத்துவிட்டேன்.

நான் கத்தியபோது அவர் அதைச் சொல்லியிருக்கலாம். நீங்கள்தானே நல்லது என்றீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்று மத்தியானம் கட்டு மாற்றும்போது தைலம்மாள் என் விரலைப் பிடித்துக்கொண்டார். காய்ச்சலில் கை கொதித்தது. பொன்னுரங்கம் வெளியே நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பேசினார்.

"எனக்கு மொதல்லயே வாட வந்துச்சு சிஸ்டர். ஒடம்புதான் தெரியாது, மூக்கு இருக்குல்ல? அவரு காய்ச்சிருச்சுன்னு கொழம்பு வெச்சி, பக்கத்து வூட்டுக்கெல்லாம் சொல்லிட்டு வந்தாரு. அவ்ளோ சந்தோசமா அந்த மனுசன நான் பாத்ததே இல்ல. கெடுக்க மனசு வரல."

நான் மற்றக் கையால் பிளாஸ்திரியை ஒட்டினேன். 

"இந்தக் கன்னம், கழுத்து, கை. இங்கதான் தொட்டா எனக்குத் தெரியும். மத்தது எங்க இருக்குன்னே தெரியாது. அவரு இப்ப கிட்டயே வர மாட்டேங்குறாரு. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சிஸ்டர், ஒரு தடவ கைய வெக்கச் சொல்லி."

போய்ச் சொன்னேன். அக்கா ஆசைப்படுகிறார், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன். அவர் தரையைப் பார்த்தார். "வேணாம் சிஸ்டர். என் கை ஆவாது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம். மருந்துச் சீட்டில் எழுதியிருப்பதைப் படிப்பது போலச் சொன்னார்.

அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். தப்பு உங்கள் கையில் இல்லை, நான் எழுதிய தாளில் இருக்கிறது, நான் கேட்காத போனில் இருக்கிறது, உங்கள் கை இல்லாவிட்டால் உங்கள் மனைவி பத்து மாதம் இருந்திருக்க மாட்டார் என்று சொல்லியிருக்க வேண்டும். கத்துவதற்கு நான் நேரம் காலம் பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்க மட்டும் தனியிடம் தேடினேன். வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று இருந்தேன், சுவேதா வந்திருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் கட்டாயம் சொல்வது என்று முடிவு செய்து போனேன். அவர் மருந்து வாங்க வெளியே போயிருந்தார். பத்து நிமிடம் நின்றேன். ரயிலுக்கு நேரமாயிற்று. திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து போன் வரவில்லை.

திங்கட்கிழமை காலை நான் வந்தபோது தைலம்மாளுக்குப் பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. கண் பாதி திறந்திருந்தது, பேச்சில்லை. வலது கை மட்டும் படுக்கையில் மல்லாந்து கிடந்தது, எதையோ வாங்கிக்கொள்ளக் காத்திருப்பது போல. பொன்னுரங்கம் கட்டிலின் கால்மாட்டில் துண்டுக்குள் கையோடு நின்றார். பிடியுங்கள் அண்ணே, பிடியுங்கள் என்று நான் கெஞ்சினேன். ஓரடி எடுத்து வைத்தார். அதற்குள் டாக்டரும் மற்றவர்களும் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள், அவர் ஒதுங்கி வழி விட்டார். பத்தரை மணிக்கு எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள்.

சுவேதா கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். நான் ஸ்கிரீனை இழுத்துவிட்டு, ஊசிகளையும் டியூபையும் கழற்றினேன், தைலம்மாளின் கண்ணை மூடினேன். பொன்னுரங்கம் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் என் வாய் திறந்தது. தாளைப் பற்றிச் சொன்னேன், போனைப் பற்றிச் சொன்னேன், உங்கள் கையில் ஒரு குற்றமும் இல்லை அண்ணே, என் நாக்கு அழுகிப்போகட்டும் என்று அழுதேன். அவர் காதில் விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் பார்வை தைலம்மாளின் முகத்தை விட்டு நகரவில்லை.

நான் முடித்த பிறகு துண்டை விலக்கி, இரண்டு கையையும் வெளியே எடுத்தார். ஆனாலும் கிட்டே வரவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப தொடலாமா சிஸ்டர்? இனிமே அவளுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"